மைதான ஓரத்து மீன்பெட்டி

சூசையப்பர் துணை

அரிப்புக் கிராமம்,
ஆவணி இரண்டாம் ஞாயிறு.

அன்புள்ள மகன் றெனால்டுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தம்பி றொட்னியும் இங்கே சுகம். மிலானில் நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டே இருக்கிறோம். போன் இருக்கும்போது இந்த மனிசன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் தம்பியின் பெயரை எடுத்தாலே உனக்கு எங்கிருந்தோ வேலை வந்துவிடுகிறது. "பிறகு எடுக்கிறன் அப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. லீவில் வந்த பிறின்சி இந்தக் கிழமை மிலானுக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். நீ கடைசி வரி வரைக்கும் வாசித்து முடிக்காமல் அங்கிருந்து அசையக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

முதலில் ஊர்ப் புதினம். சோளகக் காற்று இந்த வருசம் ஓயமாட்டேன் என்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் பாதி நாள் கரையில் இருந்து சீட்டுக் கடதாசி விளையாடுகிறார்கள். நம்முடைய மீன் வாடியில் மீன் குறைவு, கதை கூடுதல். அம்மாவின் முழங்கால் நோ அப்படியேதான். நீ போன பிறகு படகுகளுக்குப் பெயர் எழுத ஊரில் ஆள் இல்லை. சீவரத்தினம் தன் புதுப் படகுக்குத் தானே எழுதினான், எழுத்தெல்லாம் கள்ளுக் குடித்தவன் போல ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. உன் கையெழுத்தைப் பற்றிக் கதைக்காமல் ஒருவரும் அதைத் தாண்டிப் போவதில்லை.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். மைதானத்தில் வெய்யிலில் விழுந்த நம்முடைய டெஸ்மனை நாங்கள் மண்ணுக்குக் கொடுத்த பிறகு நீ இத்தாலிக்குப் போனாய், தம்பி கொழும்புக்குப் போய் அங்கிருந்து மாலைதீவுக்குப் போனான். வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள் இருந்த இடத்தில் நானும் அம்மாவும் மிஞ்சினோம். அப்போதும் நீங்கள் இருவரும் கதைத்துக்கொண்டுதான் இருந்தீர்கள். றொட்னி உனக்கு அந்த வீடியோவை அனுப்பிய நாளோடு அது நின்றுபோனது. வெய்யிலில் விழுந்த ஒரு விளையாட்டுக்காரனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிப் பிழைக்க வைக்கிற வீடியோ. "என்னைக் கொலைகாரன் எண்டு சொல்ல அனுப்பியிருக்கிறான்" என்று நீ அம்மாவிடம் சொல்லி அழுதாயாம். அம்மா அதை நெடுநாள் எனக்குச் சொல்லவில்லை. உனக்கு அந்த எண்ணம் இருக்கிற வரைக்கும் எனக்கு நித்திரை இல்லை, அதுதான் இந்தக் கடிதம்.

தம்பி மாலைதீவில் இருந்து வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அங்கே அவன் பாடு உனக்குத் தெரியாது. ஒரு உதைபந்தாட்டக் கழகத்தில் இடது பக்கம் ஓடி விளையாடுகிறவனும் அவன், மற்ற விளையாட்டுக்காரரின் உடம்பைத் தயார் பண்ணுகிற பயிற்றுநரும் அவன். காலையில் அவர்களை ஓட வைத்துவிட்டு, பின்னேரம் அவர்களோடு தானும் ஓடுகிறான். இரவில் விளையாட்டு விஞ்ஞானம் படித்துப் பட்டமும் வாங்கிவிட்டான். பந்தை உதைப்பதற்குள் என்ன விஞ்ஞானம் இருக்கிறது என்று நான் பகிடி பண்ணினேன். அவன் சிரித்தான்.

வந்தவன் சும்மா இருந்தானா? கோவில் திருநாள் கிண்ணப் போட்டிக்கு நம்முடைய பெடியன்களைப் பழக்கத் தொடங்கினான். வாடியில் பாரை மீனும் அறுக்குளா மீனும் நிறுக்கிற தராசில் பெடியன்களை ஏற்றி நிறுத்தான். விளையாட முதல் ஒருக்கால், விளையாடி முடிய ஒருக்கால். குறைந்த நிறை எல்லாம் வேர்வையாகப் போன தண்ணீராம், அவ்வளவையும் குடித்துத் தீர்க்க வேண்டுமாம். அதற்கு உப்புப் போட்டு, தேசிக்காய்ப் புளி பிழிந்த தண்ணீர். ஒன்றுக்குப் போகிற நிறத்தையும் பார்த்து வந்து சொல்லச் சொன்னான். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. "பேதுரு அண்ணை, உங்கட மகன் டொக்டரோ, கோச்சோ, இல்லாட்டி மூத்திரம் பாக்கிற பரியாரியோ?" என்று சீவரத்தினம் சந்தியில் வைத்துக் கேட்டான். எனக்கு முகம் வைக்க இடமில்லை.

இது போதாதென்று இன்னொரு கூத்து. கொழும்புக்கு மீன் ஏற்றுகிற என்னுடைய பெரிய பெட்டியைக் கேட்டான், ஒரு ஆள் படுக்கக்கூடியது, உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதை மைதான ஓரத்தில் வைத்துத் தண்ணீரும் ஐஸும் நிரப்பி மூடிவைத்தான். எதற்கென்று சொல்லவில்லை. சோடாவுக்குத்தான் என்று நினைத்துப் பெடியன்கள் போத்தல்களைக் கொண்டுவந்து உள்ளே போட்டார்கள். எல்லாவற்றையும் எடுத்து வெளியே எறிந்து ஏசினான். ஒவ்வொரு நாளும் அந்த ஐஸ் உருகிய தண்ணீரை மணலில் ஊற்றும்போது நான் ஐஸுக்குப் போன காசை எண்ணிக்கொண்டு நின்றேன்.

போன ஞாயிறு சிலாவத்துறைப் பெடியன்களோடு ஆட்டம், றொட்னியும் நம்முடைய பக்கம் இறங்கியிருந்தான். வெய்யில் தணிகிற நேரம்தான், ஆனால் அன்றைக்கு மட்டும் காற்று விழுந்து மணல் அனல் கக்கியது. அவர்கள் பக்கம் முஹைதீனின் மகன் ஜுனைட் விளையாடினான். முஹைதீனை மறந்திருக்க மாட்டாய், என்னோடு மீன் வியாபாரம் செய்கிறவர். அந்தப் பெடியன் காய்ச்சல் விட்டு எழும்பி, வீட்டில் சொன்னால் மறிப்பார்கள் என்று மறைத்து இறங்கியிருக்கிறான். ஆட்டம் முடியப் போகிற நேரம் அவன் பந்தை எடுத்துத் தன்னுடைய கோலை நோக்கியே உதைத்துவிட்டான். சனம் விசிலடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன் மகனே. பந்து நேரே றொட்னியின் காலடிக்கு வந்தது. முன்னால் கோல் வெறுமையாகக் கிடக்கிறது, காப்பாளன் எங்கேயோ. "அடி றொட்னி, அடி" என்று ஊரே கத்துகிறது.

அவன் அடிக்கவில்லை. பந்தை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி ஜுனைட்டை நோக்கி ஓடினான். விசிலடித்த சனம் இப்போது கூவத் தொடங்கியது. ஜுனைட் கண் ஒரு பக்கம் போக, "உம்மா, கதவத் திறங்க" என்று வெய்யிலுக்குள் நின்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டெஸ்மன் விழ முதல் "வலையை இழுங்கோ" என்று மைதானத்தில் நின்று பிதற்றியதும், நாங்கள் எல்லோரும் பகிடி என்று நினைத்துச் சிரித்ததும் உனக்கு நினைவிருக்கும். சனம் சிரித்த அந்த இடத்தில் றொட்னி ஒருவனுக்குத்தான் விளங்கியிருக்கிறது. திறந்து கிடந்த கோலை விட்டு எதிர்ப்பக்கத்து ஆளிடம் ஓடிய விளையாட்டுக்காரனை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

பெடியன் சரிய முதல் றொட்னி ஏந்திவிட்டான். தூக்கிக்கொண்டு வந்து மீன்பெட்டியின் மூடியைக் காலால் தள்ளி, கழுத்து வரைக்கும் ஐஸ் தண்ணீருக்குள் இறக்கினான். தலையை மட்டும் தன் கையில் தாங்கிக்கொண்டான். சனம் அலறிய அலறலைச் சொல்ல முடியாது. உனக்குத் தெரியும், சூட்டு உடம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சன்னி வரும் என்று பிறந்த நாள் தொட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். "என்ட புள்ளயக் கொல்லாத" என்று பெடியனின் தாய் உம்மு குல்சூம் மார்பில் அடித்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வான் வண்டி வந்து கதவு திறந்து நிற்கிறது. முஹைதீன் றொட்னி போட்டிருந்த சேட்டைப் பிடித்து இழுக்கிறார். "மாமா, கொஞ்சம் பொறுங்கோ. முதல்ல குளிர வைக்கோணும், பிறகுதான் ஏத்தோணும்" என்று அவன் சொன்னான். சேட்டுக் கிழிந்தது, பெடியனின் தலையைத் தாங்கிய கை அசையவில்லை.

இந்த இடத்தை நீ ஆறுதலாக வாசிக்க வேண்டும். அந்த நேரம் என் கையில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு போர்வை. அம்மா மணலில் இருக்க விரித்திருந்ததை நான் உருவி எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். எப்போது எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவன் நான், மற்றப் பிள்ளை ஒரு மாதமாக என் கண் முன்னால் ஐஸ் நிரப்பி வைத்ததைப் பார்த்தவன் நான், எனக்கே கை போர்வைக்குத்தான் போனது. அன்றைக்கு டெஸ்மனைப் போர்வையால் சுற்றி வானுக்குள் உன் மடியில் வைத்துக்கொண்டு போனாயே, ஒரு துளி தண்ணீர் படவிடாமல் காத்தாயே, அதை எவன் குற்றம் என்று சொல்லுவான்? பெற்ற தகப்பனும் அதையே செய்வான். செய்யப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் ஜுனைட்டின் பல்லுக் குளிரில் கிடுகிடுத்தது. உடம்பு நடுங்கத் தொடங்கியது. அது நல்லது என்று றொட்னி சொன்னான். பிறகு பெடியன் கண் விழித்து, தகப்பனைப் பார்த்து, "வாப்பா, ஏன் அழுறீங்க?" என்று கேட்டான். பிறகுதான் வானில் ஏற்றினார்கள். குளிர வைக்காமல் கொண்டுவந்திருந்தால் ஆள் தப்பியிருக்காது என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னாராம். பெடியன் இப்போது வீட்டில் சோறு தின்கிறான். உம்மு குல்சூம் வட்டிலப்பம் செய்து கொண்டுவந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்துவிட்டுப் போனாள். சீவரத்தினம் இப்போது தான் ஒன்றுக்குப் போகிற நிறத்தையும் பார்த்து வந்து றொட்னிக்குச் சொல்கிறான்.

அன்று எல்லோரும் போன பிறகு தம்பியைத் தேடினேன். வாடிக்குப் பின்னால் இருந்து அழுதுகொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அப்போது அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா, அண்டைக்கு டெஸ்மனை ஏத்தின வானை ஓடினது நான். ஆத்துப் பாலத்துக்கு மேலால பறந்தனான். கீழ தண்ணி இருந்தது. நிப்பாட்டி அவனை அதுக்குள்ள இறக்கியிருக்கலாம். எனக்குத் தெரியாது. அண்ணாவுக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொல்லத்தான் அந்த வீடியோவை அனுப்பினனான்." மகனே, நீ உன்னைத்தான் குற்றம் சொல்கிறான் என்று இருந்தாய், அவன் தன்னை நீ மன்னிக்க வேண்டும் என்று உன்னைத் தேடியிருக்கிறான். அவன் படித்ததெல்லாம் அந்தப் பாலத்தில் இருந்து தொடங்கியதுதான். நான் பெற்ற பிள்ளையை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியை நான் நம்முடைய ஊர்க் கழகத்துக்குக் கொடுத்துவிட்டேன். இனி எந்த ஆட்டத்துக்கும் அது ஐஸோடு மைதான ஓரத்தில் நிற்கும், முஹைதீன் தன் லொறியில் ஐஸ் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெட்டியின் ஒரு பக்கத்தில் டெஸ்மனின் பெயரை எழுத வேண்டும் என்று பெடியன்கள் கேட்டார்கள். சீவரத்தினம் தூரிகையோடு வந்தான். றொட்னி விடவில்லை. அண்ணாதான் எழுத வேண்டும், அண்ணா வருமட்டும் வெறுமையாகவே கிடக்கட்டும் என்றுவிட்டான்.

புரட்டாதியில் டெஸ்மனின் ஆண்டுத் திருப்பலி. அதுவரை தம்பி போகமாட்டான், லீவு கேட்டு எழுதிவிட்டான். நீல நிறத்தில் எழுதினால் வெள்ளைப் பெட்டிக்கு எடுப்பாக இருக்கும் என்று அம்மா சொல்கிறாள், பெயிண்ட் வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. வரமுதல் தம்பிக்கு ஒரு போன் எடு. என்ன கதைப்பது என்று யோசிக்காதே, பெயரைப் பெரிதாக எழுதுவதா சின்னதாக எழுதுவதா என்று அவனிடம் கேள், அது போதும்.

மாதா உன்னை வழி நடத்திக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
பேதுரு.