பதினேழாம் எண் லாக்கர்

பிராட் கிரீக், ஆர்கன்சாஸ்
மார்ச் 9

அன்புத் தோழி டார்லீனுக்கு சொகோரோ எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். என் கட்டைவிரல் வீக்கம் மட்டும் கோழி வெட்டுகிற வரை போகாது. வேண்டுமென்றே ஸ்பானிஷில் எழுதுகிறேன். அகராதியைத் தொடாமல் படி. வியாழக்கிழமை தேர்வில் அந்தப் பேராசிரியை உனக்கு அகராதி தரப்போவதில்லை.

உன் கடிதத்தைக் கோழி ஆலையில் மதிய இடைவேளையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். வரலாறு, அல்ஜீப்ரா இரண்டையும் வகுப்புக்கே போகாமல் தேர்வு மட்டும் எழுதித் தாண்டிவிட்டாய். கோடையிலும் விடாமல் படித்தாய். இந்த ஸ்பானிஷ் தேர்வையும் தாண்டினால் நாலு வருடப் படிப்பு மூன்று வருடத்தில் முடிந்து மே மாதம் பட்டம். தவறினால் இன்னொரு பருவம். அதற்குக் கட்டப் பணமில்லை. நெல்டா கேட்டுவிட்டு, “நாம தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக் குடுத்த பாஷைக்கு காலேஜுல மார்க்கா? அப்ப நமக்கெல்லாம் டாக்டர் பட்டம்ல குடுக்கணும்” என்றாள். மேசையே சிரித்தது.

ஆனாலும் ஜாக்கிரதை. பதினோரு வருடம் எங்கள் நடுவில் நின்று நீ கற்றதில் பாதி வசவு. போன வாரம் மருத்துவரிடம் நேரம் கேட்பதுபோல் போனில் பேசிக் காட்டினாயே, “யோவ், நகரு, நேரமாச்சு” என்று அவரை விரட்டுவது போலத்தான் இருந்தது.

இங்கே இருந்தபோது, வேலை முடிந்ததும் காரிலேயே உட்கார்ந்து அரை மணி படித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாய். பக்கத்தில் நான் பசியோடு முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. நாற்பத்தொரு வயதில், கோழி வாடை போகாத கையால் புத்தகம் புரட்டியவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி சொல்வதற்குக் கோபப்படாதே. “தேறலைன்னா என்ன, என் இடம் அங்கதானே இருக்கு, வந்துடறேன்” என்று எழுதியிருந்தாய். உன் பதினேழாம் எண் லாக்கரை யாருக்கும் தரவேண்டாம் என்று மேற்பார்வையாளரிடம் மூன்று வருடமாகக் கெஞ்சியவள் நான்தான். திங்கட்கிழமை நானும் நெல்டாவும் அவரிடம் போய் உன் பூட்டை வெட்டச் சொன்னோம். உள்ளே உன் ரப்பர் பூட்ஸும் ஒரு பழைய சீப்பும் இருந்தன. லாக்கரைப் புதிதாக வந்த பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று. பூட்ஸும் அவள் காலுக்குச் சரியாக இருந்தது. “டார்லீன் திரும்பி வந்தா?” என்று மேற்பார்வையாளர் கேட்டார். “வரமாட்டா” என்றேன்.

உன் இடத்தில்தான் அந்தப் பெண் நிற்கிறாள். நல்லவள், பேசவே மாட்டாள். எனக்கு இன்னும் பழகவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வெட்டிக்கொண்டே எல்லோரும் உன்னை நினைப்போம். கடவுள் உனக்கு நிதானமான நாக்கைத் தரட்டும். பட்டம் வாங்கியதும் ஊருக்கு வா, என் வீட்டுக்கு வா, என் கடைக்குட்டிக்கு டீச்சராக வா. ஆலை வாசலுக்கு மட்டும் வந்துவிடாதே.

உன் வலப்பக்கம் நின்றவள்,
சொகோரோ