கிழித்த மனு

ஜனவரி 21, செவ்வாய்

மூன்று நாளாக எதிர்வீட்டு ஸ்டெல்லா ஒரு மனுவோடு வந்துகொண்டிருந்தாள். ஹார்பர் பக்கத்து யார்டில் திறந்து கிடக்கும் நிலக்கரியை மூடி வைக்கச் சொல்லி கலெக்டருக்கு எழுதியது. அவள் மகளுக்கு ஆறு வயது. இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற முடியவில்லை.

நான் அந்த யார்டில்தான் எடைமேடை கிளார்க். "நீங்க அங்கனயே வேல பாக்கிய. ஒங்க கையெழுத்துக்குத் தனி மதிப்பு உண்டுக்கா" என்றாள். வேலை போய்விடுமோ என்று பயந்து நாளை, நாளை என்று தள்ளினேன். நேற்று அந்தப் பிள்ளை மூச்சுக்குத் திணறியதைக் கண்ணால் பார்த்தேன். இன்று காலையில் நானே போய்க் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் ஸ்டெல்லா வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஒங்க யார்டுலயே லாரி ஓட்ட வேல கெடச்சிருக்குக்கா. எத்தன மாசமா சும்மா இருந்தாவ. மனுவக் கிழிச்சிட்டேன்."

"பிள்ளைக்கு?"

"சம்பளம் வந்தா நல்ல டாக்டர்ட்ட காட்டலாம்லா."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் போனதும் முதலில் வந்தது நிம்மதி. கிழிந்த தாளோடு என் பெயரும் போயிற்று என்ற நிம்மதி. அதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதவே கை கூசுகிறது.