மேண்டலின் வாசித்தவர்

மார்ச் 3

தம்பிக்கு,

போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருப்பதால் இந்தக் கடிதம். நலமா என்று கேட்க மனசு வரவில்லை.

நீ இசையமைக்கும் டிவி தொடரை நான் பார்ப்பதில்லை. ஆனால் பல் கிளினிக்கில் என் மேஜைக்கு எதிரேதான் டிவி. நேற்று காத்திருந்த ஒரு அம்மா சத்தத்தைக் கூட்டினார். டைட்டில் பாட்டு முழுக்க மேண்டலின். கடைசியில் பெயர்கள் ஓடின. மேண்டலின் என்று போட்டு, பக்கத்தில் என் பெயர்!

டாக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "கை சரியாயிடுச்சா? சொல்லவே இல்லையே!" என்றார். சாயங்காலத்துக்குள் நாலு பேர் போன் செய்துவிட்டார்கள். ஒருவர் கச்சேரிக்கே கூப்பிடுகிறார். நான் என்ன பதில் சொல்ல? இரண்டு வருஷமாக நான் மேண்டலினைத் தொடவே இல்லை என்று உனக்குத் தெரியும். நான் வாசிக்காததற்கு எனக்கு எதற்குப் பாராட்டு? என் பெயரை எடு.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கொஞ்சம் பொறுமையாகப் படி. வாசித்தது யாரும் இல்லை, கம்ப்யூட்டர். ஒவ்வொரு நோட்டாக மவுஸால் வைத்தேன். பதினொரு நாள் வேலை, கண்ணே போய்விட்டது.

டைரக்டர், "உங்க அக்காவையே வாசிக்கச் சொல்லுங்க" என்றார். உன்னால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் பெயரை ஊர் மறந்துவிடக் கூடாது என்றுதான் போட்டேன். ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கவில்லை, தெரியுமா? நல்லது செய்தாலும் நீ எரிந்து விழுவாய். சின்ன வயசிலிருந்தே அப்படித்தானே.

மாமாவுக்கு என் வணக்கம். அவராவது என் பக்கம் இருப்பார்.

உன் தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

மாமா உன் பக்கம் இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு, "எவ்வளவு கொழுப்பு இவனுக்கு!" என்றார்.

ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லையா? முதல் வரியிலேயே நான் கண்டுபிடித்தேன். தையல் மெஷின் ஓடுகிறது. கம்பியில் விழும் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இம்மி வித்தியாசம் இல்லை. கை இறங்கும்போது கனமாக விழும், ஏறும்போது லேசாக உரசும். மேண்டலினில் கம்பி ஜோடி ஜோடியாக இருக்கும் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? ஏறும் தட்டில் பல சமயம் ஒரு கம்பிதான் மாட்டும். நீ ஒவ்வொரு தடவையும் இரண்டையும் சேர்த்து அறைகிறாய்.

வேகம் அதைவிடக் கேவலம். பீட்டுக்கு எட்டுத் தட்டு என்று வெட்டித் தாளத்தோடு பூட்டியிருக்கிறாய். எந்தக் கையும் அப்படி ஓடாது. தொடக்கத்தில் தயங்கும், சத்தம் ஏற ஏற நெருங்கும், முடியும்போது தளரும். நோட் மாறும் இடத்தில் உன் மெஷின் நின்று புதுசாகக் கிளம்புகிறது. கை நிற்காமல் அப்படியே அடுத்த நோட்டுக்குள் போக வேண்டும்.

இந்தக் குப்பைக்கா என் பெயர்? உன் படத்துக்கு வாசித்த அன்று, "வலிக்குதுடா" என்றேன். "இன்னும் ஒரே ஒரு டேக், அக்கா" என்றாய். அப்படியே பத்தொன்பது டேக். அதோடு போன கைதான். பெயரை எடு.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

நீ திட்டினபடியே எல்லாவற்றையும் திருத்தினேன். தாளப் பூட்டைக் கழற்றிவிட்டேன். இறங்கும் தட்டைக் கூட்டி, ஏறும் தட்டைக் குறைத்தேன். பென் டிரைவ் இதோடு வைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தெரிந்தால் கொன்றுவிடுவாய். கடையில் கிடைக்கிற கம்ப்யூட்டர் மேண்டலினில் ஏறும் தட்டு எதுவும் தேறவில்லை. அதனால் அந்தப் பத்தொன்பது டேக்கையும் திறந்தேன். வேண்டாமென்று ஒதுக்கியதிலிருந்து உன் தட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். பதினைந்துக்கு மேலே உள்ளவைதான் பிரமாதம். கை கொஞ்சம் தள்ளாடுகிறது. அதுதான் உயிரோடு கேட்கிறது. அப்படியானால் வாசித்தது நீதானே? பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேட்டுவிட்டு நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை எழுது.

உன் தம்பி

ஏப்ரல் 10

தம்பிக்கு,

நாலு நாள் முன்னால் மதியம் டாக்டர் சாப்பிடப் போனபோது கிளினிக் கம்ப்யூட்டரில் கேட்டேன். நன்றாக இருக்கிறது. எது என் கை, எது உன் வேலை என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

இரண்டாம் தடவை கேட்டபோது மணிக்கட்டு வலித்தது. உயிர் என்கிறாயே, அந்தத் தள்ளாட்டம் வலிடா. அன்றைக்கு அதைத் தப்பு என்று சொல்லித்தான் மறுபடி மறுபடி வாசிக்க வைத்தாய்.

உன் டைரக்டருக்கு நானே எழுதிவிட்டேன், வாசித்தது நான் இல்லை, தம்பி கம்ப்யூட்டரில் செய்தது என்று. பதிலும் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து அந்த இடத்தில் உன் பெயர் வரும். போன் செய்த நாலு பேரிடமும் சொல்லிவிட்டேன். டாக்டரிடமும்தான். வெட்டி எடுத்ததை நீயே வைத்துக்கொள், எனக்கு அது எதற்கு.

இரண்டு கடிதம் எழுதினாய். கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஊக்கு மாட்ட வருகிறது. பாட்டில் மூடி திறக்க மாமாவைக் கூப்பிட வேண்டும். பேனா நாலைந்து வரிக்கு மேல் நிற்காது. தட்டுத் தட்டாகத் திட்டினேனே, அந்தக் கடிதத்துக்கு ஐந்து நாள் ஆனது. இதற்கு மூன்று நாள்.

இனி உனக்காக அந்தக் கையை வருத்த மாட்டேன். நீயும் எழுதாதே.

அக்கா