தேய்த்தெறிந்த ஓரம்

பதிவு 211. காலை 06:10
மூன்றாம் நிலவு, தரைநிலையம். ஆள்: தெய்வநாயகம், பாறை ஆய்வு. வேறு யாரும் இல்லை.
நிலத்தடி பத்து மீட்டரில் 41 டிகிரி. போன மாதம் 38. கருவிப் பிழையாக இருக்கலாம்.
சிர்க்கான் மணிகள் ஆறு எடுத்தேன். மணலை விடச் சிறியவை. உருவாகும்போதே யுரேனியத்தைப் பூட்டிக்கொள்ளும். அது ஈயமாக மாறிய அளவே வயது. பாறை வெந்து உருகினாலும் மணியின் நடுப்பகுதி பெரும்பாலும் தப்பிவிடும். ஓரத்தில் மட்டும் புதுப் படலம் வளரும், ஈயம் கசியும், எண்கள் கலங்கும். அதனால் ஓரத்தைத் தேய்த்து எறிந்துவிட்டுத்தான் அளப்பது வழக்கம்.
தேய்க்கும் கருவி பழுது. அப்படியே அளக்கிறேன்.

பதிவு 213. மாலை 15:40
நடுப்பகுதி: நானூறு கோடி ஆண்டு. எங்கள் பழைய கட்டுரை சொன்னதும் அதுவே: அத்தனை காலமாக உருகாத தரை. அதை நம்பித்தான் 214 பேர் இங்கே குடியேற வருகிறார்கள். கட்டுரையில் முதல் பெயர் சற்குணம். இப்போது மேலே சுற்றும் கப்பலுக்கு அவர்தான் தலைவர். என் பெயர் மூன்றாவது. வேலை முழுவதும் என்னுடையது. பத்தொன்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.
ஓரத்தில் மூன்று படலங்கள். முப்பத்தாறாயிரம், இருபத்து நாலாயிரம், பன்னிரண்டாயிரம் ஆண்டு. ஆறு மணிகளிலும் அதேதான்.
பன்னிரண்டாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை இந்தத் தரை உருகுகிறது. அடுத்த முறை வந்துவிட்டது.
கப்பல் இறங்க நான்கு நாள். தகவல் அனுப்பினேன்.

பதிவு 214. காலை 09:05
சற்குணத்தின் பதில்:
"ஓய் தெய்வநாயகம், பேரு மூணாவதா வந்த கோவம் இன்னும் தீரலையா? அதுக்கு இருநூறு பேரை அந்தரத்துல தொங்கப் போடச் சொல்லுதீரா? ஓரம் பாத்தாச்சு, ஒண்ணுமில்லன்னு அன்னைக்கே ஆய்வக நோட்டுல இருக்குல்லா. உம்ம மணியில அழுக்கு ஒட்டியிருக்கும்வே."
நிலத்தடி 49.

பதிவு 216. காலை 11:20
நிலத்தடி 66. நான் மேலே திரும்ப இருக்கும் ஒரே ஏறுகலத்தின் ஒரு கால் மண்ணில் புதைந்து, கலம் சாய்ந்து கிடக்கிறது. இனி எழும்பாது.
கப்பலின் விமானி மரியசெல்வி பேசினாள்: "அண்ணே, நாளைக்கு வந்துருவோம். டீ போட்டு வைங்க. சார் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க."
பழைய நோட்டின் நகலைத் திறந்தேன். 'ஓரம் சோதித்தாயிற்று. ஒன்றுமில்லை.' என் கையெழுத்து. எதையும் நான் சோதிக்கவில்லை. எல்லா மணிகளையும் முதலிலேயே தேய்க்கப் போட்டுவிட்டேன். சுத்தமான எண்கள் வேண்டியிருந்தன. ஓரத்தைப் பார்க்கச் சொல்லி சற்குணம் இரண்டு முறை கேட்டார்.

பதிவு 216. பிற்பகல் 14:00
அனுப்பியது: "வேலை முழுவதும் என்னுடையது என்றேன். சரிதான். பார்க்காத ஓரத்தைப் பார்த்ததாக எழுதியவனும் நான்தான். இறங்காதீர்கள்."
கை கழுவினேன்.
இருபது நிமிடம் கழித்து சற்குணம்: "எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிட்டேன். இறங்கலை." பிறகு: "நீரு கிளம்பும்வே. ஏறுகலம் இருக்குல்லா?"
இருக்கிறது என்றேன். சாய்ந்து கிடப்பதைச் சொன்னால் மரியசெல்வி இறங்கி வருவாள்.

பதிவு 218. நேரம் தெரியவில்லை
வெப்பமானி நின்றுவிட்டது. தரை மெத்தென்று இருக்கிறது. ஆறு மணிகளையும் வெளியே கொட்டினேன். இந்த நோட்டு உருகாத பெட்டிக்குள் போகிறது.
கண்டெடுப்பவருக்கு. இங்குள்ள மணிகளில் நான்காவதாக ஒரு படலம் இருக்கும். என் தேதி அதில்தான். தேய்க்க வேண்டாம். முதலில் ஓரத்தைப்