எங்களை விளையாட அனுப்பிவிட்டு

ஏப்ரல் 28, 1997

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து என்ன செய்வதென்றே தெரியவில்லை. காலையில் துணி துவைத்தேன். மத்தியானம் தம்பி சாலமனோடு கேரம். அவன் தோற்கிற மாதிரி இருந்தால் போர்டைக் கலைத்துவிடுகிறான்.

சாயங்காலம் அப்பா ஃபாக்டரியிலிருந்து வந்து, சைக்கிளை ஸ்டாண்ட் போடும்போதே சொன்னார் — செம்பரம்பாக்கம் தாண்டிப் புதிதாகத் திறந்திருக்கிற தீம் பார்க்குக்கு நாங்கள் நாலு பேரும் போகிறோமாம். அங்கேயே காட்டேஜ் எடுத்து இரண்டு ராத்திரி தங்கப் போகிறோமாம். சாலமன் கட்டில்மேல் ஏறிக் குதித்தான். அப்பா திட்டவில்லை.

எங்கள் வீட்டில் ஊருக்குப் போவதென்றால் திருநெல்வேலிதான், அதுவும் யாருக்காவது கல்யாணம் என்றால். இந்தக் குவார்ட்டர்ஸில் யாருமே காட்டேஜில் தங்கியதில்லை. அம்மா அடுப்படியிலேயே இருந்தாள். சந்தோஷமா என்று கேட்டேன். "ஏன், சந்தோஷம்தான்" என்றாள், திரும்பாமல்.

மே 5

அம்மா எனக்குப் புதுச் சுடிதார் வாங்கிவந்தாள். நான் கேட்கவே இல்லை.

மே 7

வந்துவிட்டோம். பூந்தமல்லியில் ஒரு பஸ் மாறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. காட்டேஜ் ஜன்னலில் இருந்து பார்த்தால் ஜெயன்ட் வீல் தெரிகிறது. சாலமன் பாத்ரூம் குழாயில் சுடுதண்ணீர் வருகிறதென்று மூன்று தடவை கூப்பிட்டுக் காட்டினான்.

டாஷிங் காரில் நானும் அவனும் அப்பாவை மூலையில் தள்ளி இடித்துக்கொண்டே இருந்தோம். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கொலம்பஸ் — பெரிய கப்பல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது, மேலே போகும்போது வயிறு தொண்டைக்கு வருகிறது. அலை அடிக்கிற குளம்தான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது. மணி அடிக்கிறார்கள், உடனே அலை வருகிறது.

இங்கே ஜம்புலிங்கம் என்று ஒரு அண்ணன் இருக்கிறார். கையில் மைக். எங்கள் வயசுப் பிள்ளைகளையெல்லாம் சேர்த்து விளையாட்டு நடத்துவது அவர் வேலை. மியூசிக்கல் சேர், கயிறு இழுப்பது, ஊமையாக நடித்துப் படப் பெயர் கண்டுபிடிப்பது, நாளைக்குப் புதையல் வேட்டை. எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அம்மாதான் போ போ என்று தள்ளினாள். அப்பாவும். ஒரு ஆட்டம் முடிந்து வந்தால், அடுத்ததுக்கும் போயேன் என்கிறார்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் இரண்டு பேரும் அந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. சண்டை மாதிரியும் இல்லை.

மே 8, ராத்திரி

எழுதவே கை வரவில்லை. சாலமன் பக்கத்தில் படுத்திருக்கிறான், அவனுக்கு எதுவும் தெரியாது.

காலையில் புதையல் வேட்டைக்கு என்னோடு ஜோடி சேர்த்தது ரோஷன் பேகத்தை. பூந்தமல்லிப் பெண், என் வயசுதான். அவளுடைய அப்பா உஸ்மான் கனி வீடியோ கேமராவோடு அவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். துண்டுச்சீட்டு எடுத்தால் படம், ஓடினால் படம். அவர் ஏன் இப்படி எடுக்கிறார் என்று கேட்டேன்.

"எங்கத்தா துபாய்ல கீறாரு. லீவு முடிஞ்சி அடுத்த வாரம் போறாரு" என்றாள். "ஒவ்வொரு வாட்டியும் போறதுக்கு முன்னாடி இப்டித்தான் எங்கனா இட்டுகினு வருவாரு. போன வாட்டி மகாபலிபுரம்." அப்புறம் பெஞ்சில் பேசிக்கொண்டிருந்த அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு, ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள். "உங்க ஊட்ல யாரு போறாங்க?"

யாரும் போகவில்லை என்றேன். அப்போ சரி என்றாள். அதற்கப்புறம் எனக்கு ஒரு துண்டுச்சீட்டும் கண்ணில் படவில்லை. அவள்தான் எல்லாவற்றையும் கண்டுபிடித்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா தானாகவே பெரிய சறுக்குக்கு வருகிறேன் என்றாள். என் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டாள். இரும்புப் படியில் நீளமான வரிசை. அவள் எனக்கு முன்னால், நான் பின்னால். கீழே பார்க்காதே, தலை சுற்றும் என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். மேலே ஏற ஏற என்னால் அடக்க முடியவில்லை.

"அம்மா, யாராவது எங்கயாவது போறீங்களா?"

அவள் இரண்டு படி ஏறினாள். பிறகுதான் திரும்பினாள்.

"நான்தான் ஜெசி. சவூதில தம்மாம்னு ஒரு ஊரு. அங்க ஆஸ்பத்திரில வேலை கெடைச்சிருக்கு. ரெண்டு வருஷம். சாயங்காலம் அப்பா சொல்லுதேன்னு சொன்னாவ."

"அப்பாதான் போகச் சொன்னாரா?"

"அவுகளுக்கு அயனம்பாக்கம் மனையில வீடு கட்டணும். அது ஒண்ணு." அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் போணும்னு இருக்குட்டி."

நான் போகாதேம்மா என்றேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. மேலே நின்றவர் அடுத்தது, அடுத்தது என்று கூப்பிட்டார். என் பின்னால் படி முழுக்க ஆட்கள். இறங்க வழியே இல்லை. அம்மா உட்கார்ந்தாள், போய்விட்டாள். அவர் என் முதுகைத் தொட்டு, கையை மார்பில் கட்டிக்கோம்மா என்றார். கட்டிக்கொண்டேன்.

கீழே வந்து தண்ணீரில் விழுந்து எழுந்தால், அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். முடியெல்லாம் முகத்தில். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. என் முகமும் நனைந்துதான் இருந்தது, அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அம்பத்தூர் நர்சிங் ஹோமில் இத்தனை வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறாள். அங்கே டாக்டர் அவளை "ஏ ராணி" என்றுதான் கூப்பிடுவார். நானே கேட்டிருக்கிறேன். அதனாலா? அப்படியிருந்தாலும் — நாங்க என்ன பண்ணோம்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தா மட்டும்?

அப்பா இன்றைக்குச் சொல்லவில்லை. சாலமன் டான்ஸ் போட்டியில் ஜெயித்து ஒரு தொப்பி வாங்கினான். அவன் சந்தோஷத்தைப் பார்த்து அப்பா நாளைக்குத் தள்ளிப்போட்டுவிட்டார். நான் கை தட்டினேன். நாலு பேரையும் நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள்.

மே 9

காலை டிபனில் அப்பா சொன்னார். பூரி வந்த பிறகு.

சாலமன் அழவில்லை. யோசித்துவிட்டு, "அப்போ சாப்பாடு யாரு செய்வா?" என்று கேட்டான். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். சாலமனும் பார்த்தான். அவ்வளவுதான். அப்படித்தான் அது முடிவாயிற்று. நான் பூரியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு சாலமன் கொலம்பஸில் போய் உட்கார்ந்தான். நின்றதும் இறங்கி ஓடி, திரும்ப வரிசையில் நின்று, திரும்ப ஏறினான். வா போதும் என்று அப்பா கூப்பிட்டார். வரவில்லை. அலைக்குளத்துக்குப் போகலாம் என்று ஜம்புலிங்கம் அண்ணன் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வரவில்லை. கடைசியில் கப்பல் ஆடிக்கொண்டிருக்கும்போதே வாந்தி எடுத்துவிட்டான். அம்மா அவனைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய் முகம் கழுவி, வாய் துடைத்து, தொப்பியையும் அலசினாள். அவன் அவள் கையைத் தட்டிவிடப் பார்த்தான். அவள் விடவில்லை.

குமணன்சாவடியில் வெகு நேரம் பஸ் வரவில்லை. நாலு பேரும் வெயிலில் நின்றோம்.

மே 29

பாஸ். கணக்கில் தொண்ணூற்றாறு. அம்மா இருக்கும்போதே ரிசல்ட் வந்தது.

ஜூன் 3

மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா கை ஆட்டினாள். எங்களைப் பார்த்துத்தானா என்று தெரியவில்லை. கூட்டம். நான் ஆட்டினேன்.

ஜூன் 4

குழம்பில் உப்பு இல்லை. இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். சொல்லியிருக்கலாம்.

ஜூன் 18

ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் பூந்தமல்லிப் பள்ளிக்குப் போக வேண்டும், வீடு திரும்ப இருட்டிவிடும். இங்கே குவார்ட்டர்ஸ் பள்ளியில் காமர்ஸ்தான் இருக்கிறது. உன் இஷ்டம் என்றார் அப்பா. நிஜமாகவே அப்படித்தான் சொன்னார். காமர்ஸில் சேர்ந்தேன்.

நவம்பர் 14

வெள்ளிக்கிழமை. மழைக்குப் பள்ளி லீவு. எதிர் பிளாக் பார்வதம் அத்தை கூப்பிட்டார், அம்மா போனில். அவர்கள் வீட்டில் மட்டும்தான் போன். சாலமன் வர மறுத்துவிட்டான். தூங்குகிறான் என்று சொன்னேன். மத்தியானம் மூன்று மணிக்கா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 9, 1998

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ரோஷன் பேகத்தைப் பார்த்தேன். அவளுக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. அம்மா போனதைச் சொன்னேன். தெரியும் என்பதுபோலத் தலையாட்டினாள்.

அவள் அப்பா துபாயை விட்டு நிரந்தரமாக வந்துவிட்டாராம். உனக்கு எவ்வளவு நல்லது என்றேன்.

"நாள் ஃபுல்லா ஊட்லயே கீறாரு" என்றாள். "என்னா பேசறதுன்னே தெர்ல. அவுருக்கும் தெர்ல."

அவள் பஸ் வந்துவிட்டது.

மே 21, 1999

இன்று அம்மா போனில் பேசியது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

அடுத்த மாதத்தோடு இரண்டு வருஷம் முடிகிறது. வார்டு முழுவதையும் அம்மா பொறுப்பில் விடுகிறார்களாம், ஆனால் இன்னும் இரண்டு வருஷம் இருக்க வேண்டுமாம். அங்கே எல்லாரும் சிஸ்டர் ராணி என்கிறார்கள். பேச்சுக்கு நடுவே யாரிடமோ அரபியில் ஏதோ சொன்னாள், அந்தப் பக்கம் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். அயனம்பாக்கத்தில் கூரை போட்டாகிவிட்டது, வீட்டுக்காக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவளே அதைச் சொன்னாள். அப்பாவிடம் கேட்டாளாம். ஜெசி என்ன சொல்கிறாளோ அதுதான் என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

"நீ வான்னு சொன்னா வந்துருதேன். அன்னைக்கு உன்னைக் கேக்கல. இன்னைக்குக் கேக்கேன்."

இத்தனை நாள் நான் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். வா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்து? திரும்ப அம்பத்தூர், திரும்ப "ஏ ராணி". எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று தெரியாமல் அவள் முழிப்பது — அதையும் நான்தான் பார்க்க வேண்டும். வராவிட்டால் சாலமன் இன்னும் இரண்டு வருஷம் தூங்கிக்கொண்டே இருப்பான். எதைச் சொன்னாலும் யாரோ ஒருவர் தலையில்தான் விழும். இதை ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்?

"இரும்மா" என்றேன். "நாங்க பார்த்துக்கிறோம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று நினைத்தேன். அப்புறம் சரிட்டி என்றாள். போனை வைத்தோம்.

அப்பா பார்வதம் அத்தை வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. இருக்கச் சொல்லிவிட்டேன் என்றேன். அப்படியா என்றார். எங்கள் பிளாக் வரைக்கும் வந்த பிறகு, "நீ வரச் சொல்லுவன்னு நெனச்சேன் ஜெசி" என்றார்.

நீங்களே சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. திரும்பப் போய் போன் போட்டுத் தரட்டுமா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மாடிப்படியில் கொஞ்சம் நின்றார்.

"சந்தோஷமா இருக்கால்ல?"

"இருக்காங்கப்பா" என்றேன்.