ஷிப்ட் பஸ் ஓட்டும் அண்ணனுக்கு

மதுரை
3.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான்கு நாளாகப் போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். அதனால் தபால்.

என் மகன் இனியனுக்கு மரபணுச் சோதனை முடிவு வந்துவிட்டது. நம் செல்களுக்குள் சின்னச் சின்னப் பைகளில்தான் சரக்கு போய்வருமாம். அவை சரியான இடம் போய்ச்சேர ஒரு மரபணு வேண்டுமாம். அவனுக்கு அது பழுது. விழித்திரை ஓரத்திலிருந்து அழிந்துகொண்டே வருகிறது. முதலில் இருட்டில் தெரியாது. பிறகு பக்கவாட்டில் தெரியாது. என் வழியாக வந்ததாம்.

"உங்க கூடப்பிறந்த ஆண்கள் இருக்காங்களா?" என்று கேட்டார் டாக்டர். அண்ணன் நெய்வேலியில் சுரங்கத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஷிப்ட் பஸ் ஓட்டுகிறார் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

உனக்கும் இருக்கலாமாம். சோதனைக்கு வா அண்ணா.

உன் தங்கை,
புஷ்பவல்லி

நெய்வேலி
10.6.2024

அன்புத் தங்கைக்கு,

இனியனை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அதற்காக என்னையும் நோயாளி ஆக்காதே. போன மாதம்தான் மெடிக்கல் டெஸ்ட். கண் பலகையில் எல்லா வரியையும் படித்தேன். ஆவணியில் என் மகள் அருள்மொழிக்குக் கல்யாணம். இந்தப் பேச்சை யாரிடமும் எடுக்காதே.

சண்முகசுந்தரம்

மதுரை
15.6.2024

அண்ணா,

இனியனும்தான் எல்லா வரியையும் படிக்கிறான். நேர்ப்பார்வை மட்டும் ரொம்ப நாள் நிற்குமாம். இரண்டு வருஷமாக நைட் ஷிப்ட் வந்தால் ஏன் பகலுக்கு மாற்றி வாங்கிக்கொள்கிறாய்? அண்ணி யதார்த்தமாகச் சொன்னார்கள். உன்னை நம்பி ஐம்பது பேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மாதத்துக்குள் நீ சொல்லாவிட்டால் டிப்போவுக்கு நானே எழுதுவேன்.

புஷ்பவல்லி

நெய்வேலி
2.7.2024

புஷ்பா,

நேற்று மாலை வடக்குத்து ஊர்ப்பக்கம் பஸ்ஸைத் திருப்பினேன். இடப்பக்கம் தனகோட்டி என்று ஒரு பெண், கான்ட்ராக்ட் வேலை செய்பவள், நின்றிருக்கிறாள். பஸ் உரசி விழுந்துவிட்டாள். கை எலும்பு முறிவு, உயிருக்கு ஒன்றுமில்லை. இறங்கி ஓடினேன்.

"நா இங்கதான நின்னுகினு இருந்தேன். கண்ணு தெரில உனக்கு?" என்று அழுதாள்.

"தெரியலம்மா" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

சாவியை டிப்போவில் கொடுத்து, எல்லாவற்றையும் எழுதியும் கொடுத்துவிட்டேன்.

உன்னைப் பெண் பார்க்க வந்தபோதே எனக்கு இருட்டில் சரியாகத் தெரியாது. அம்மாவோடு பிறந்த மாமாவுக்கும் அப்படித்தான் இருந்தது. "வாயைத் திறக்காதே, அவள் கல்யாணம் நின்றுவிடும்" என்றாள் அம்மா. நானும் இருந்துவிட்டேன்.

அருள்மொழிக்கும் இது போயிருக்குமா? அவளிடம் நீ சொல்லேன். நான் எந்த முகத்தோடு சொல்வேன்?

சண்முகசுந்தரம்

மதுரை
8.7.2024

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்தேன். கோபம் இன்னும் போகவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். அப்பாவுக்கு இருந்தால் மகளுக்குப் போகாமல் இருக்காதாம். பெண்களுக்குப் பார்வை பெரும்பாலும் போகாது. அவர்களுக்குப் பிறக்கும் பையன்களுக்கு வரலாம்.

அவளிடம் நீயே சொல். மாப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு சொல். சனிக்கிழமை நான் வருகிறேன். நீ சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

புஷ்பா