கேப் போதும் என்று எழுதினாயே

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் மகளின் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர. நீயும் கப்பலில் நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன், போன் கிடைக்காத இடத்தில் இருப்பவளை வேறெப்படிக் கேட்பது. "கேப் போதும்ப்பா" என்று நீ அனுப்பிய ஒரு வரி மெயில் வீட்டை இரண்டாக்கிவிட்டது. பல் டாக்டரம்மா சொன்னது, "கேப் போட்டுடலாம், இல்லன்னா எடுத்துட்டு கேப் விட்டுடலாம்" என்று. முதலாவது பல்லுக்கு மூடி, இரண்டாவது வெறும் இடைவெளி. தமிழில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. நான் மூடி என்று படித்தேன், உன் மாமா இடைவெளி என்று படிக்கிறான். அப்பாவுக்குத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று உன்னைப் பழக்கியது நான், அதையும் குத்திக்காட்டிவிட்டான். மாப்பிள்ளையைக் கேட்டால் உன்னைக் கேட்கச் சொல்கிறார், அவர் எதில்தான் வாய் திறந்தார்.

"விழப்போற பால் பல்லுக்குப் போய் கவசமா அத்தான், புடுங்கிப் போட்டுட்டு வேலையைப் பாருங்க" என்று டாக்டரம்மா முன்னாலேயே உன் மாமா சிரித்தான். அந்தம்மா சிரிக்கவில்லை. பத்துப் பதினோரு வயதுவரை இருக்க வேண்டிய பல், இப்போதே எடுத்தால் பக்கத்துப் பல் சாய்ந்துவிடும், கம்பி மாட்டி இடத்தைக் காக்க வேண்டும் என்றார். மூடுவதென்றால் ஸ்டீல் உறுதி, வெள்ளை பார்வைக்கு நன்று, ஆனால் பல்லை அதிகம் ராவ வேண்டுமாம். பொம்பளப் பிள்ளை வாயில எவர்சில்வரா என்கிறாள் உன் அம்மா. உன் வாலு ஸ்டீல்தான் கேட்கிறாள், இருட்டில் மின்னுமா என்று கேள்வி வேறு. மூன்று நாளாக இடது பக்கம் மெல்லவே இல்லை, நானும் உன் மெயில் வந்ததா என்று கம்ப்யூட்டர் மேசைக்கும் வாசலுக்கும் நடந்து காலைத் தேய்க்கிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சிரிக்கும்போது உன் தெற்றுப்பல்லைக் கையால் மறைப்பாய். ஆறு வயதில் உன் பால் பல்லைப் பிடுங்கவைத்து வரிசையைக் கெடுத்தவன் மாமா என்று இருபத்தைந்து வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். கூட்டிப்போனது அவன். "புடுங்கிடச் சொல்லுடா, எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்கு" என்று அனுப்பியது நான். ஒரு நாளும் அவன் அதை வெளியில் சொன்னதில்லை, எனக்கு அவன்மேல் ஆத்திரமே அதனால்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. எங்கள் ஆசி எந்தக் கடலிலும் உன்னோடு இருக்கும். வியாழன் காலை பத்து மணிக்கு டாக்டரம்மாவிடம் நான் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குள் மூடுவதா பிடுங்குவதா என்று முழு வார்த்தையில் எழுது. பதில் வராவிட்டால் மூடச் சொல்லிவிடுவேன். அது தவறென்றால் இந்த முறை என்னையே திட்டு.

உன் அப்பா